தட்டில் மிஞ்சிய வெற்றிலை

கஜா புயல் அடித்தபோது பூவரசங்காட்டில் மூன்று வயதாக இருந்த பிள்ளைகளுக்கு, ஆறு வருஷம் கழித்தும் மூன்று வயதுதான் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆறு வருஷத்தில் கீரமங்கலம் பூக்கடைகளில் முல்லை விலை ஏறியது, இறங்கியது, வைகாசி முகூர்த்தங்களுக்கு மறுபடியும் ஏறியது. புயலில் சாய்ந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் பாளை விட்டன. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசமானது. பிள்ளைகள் மட்டும் இருந்தபடியே இருந்தார்கள். புயலுக்குப் பிறகு பிறந்தவையும் ஒழுங்காகத்தான் குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்து, பேசின. அங்கன்வாடியில் சேர்க்கும் வயது வந்ததும் அவையும் அங்கேயே நின்றுபோயின. அதனால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முதலில் ஒன்றாம் வகுப்பு காலியானது, பிறகு இரண்டாம் வகுப்பு காலியானது, கடைசியில் தலைமையாசிரியர் தனியாக வந்து, தனியாகக் கொடியேற்றி, தனக்குத் தானே மிட்டாய் கொடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஊர் இதைக் கண்டு பதறவில்லை என்று சொல்ல முடியாது. முதல் வருஷம் நன்றாகவே பதறியது. புதுக்கோட்டையிலிருந்து டாக்டர்கள் வந்து, ரத்தம் எடுத்து, உயரம் பார்த்து, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இருக்க வேண்டிய ஆரோக்கியம் இவர்களுக்குத் தாராளமாக இருக்கிறது என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மேலத்தெருக்காரர்கள் அய்யனாருக்கு மண்குதிரை எடுத்தார்கள். பள்ளிவாசலில் யாசீன் ஓதினார்கள். கையில் கொஞ்சம் காசு புழங்கியவர்கள் வேன் வைத்து இங்கிலீஷ் ஸ்கூலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் அங்கேயும் வருஷக்கணக்கில் எல்.கே.ஜி.யிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அதன் பிறகு பழகிவிட்டது. மனுஷனுக்கு எதுதான் பழகாது?

பள்ளிவாசல் தெரு பவுசியாவுக்குத்தான் பழகவில்லை. மர்யம் அவளுக்கு ஒரே பிள்ளை. மூன்று வயது என்பது 'ஏன்' என்று கேட்கிற வயது. மற்ற ஊர்த் தாய்மார்கள் அதை ஒரு வருஷம் கேட்டுவிட்டு, பிறகு ஆயுசு பூராவும் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பவுசியா ஆறு வருஷம் கேட்டாள். வெள்ளைக் கோழி ஏன் வெள்ளை, கரண்ட் ஏன் போகிறது, நிலா ஏன் நம் வீட்டுக்குள் வரவில்லை. நேற்றுச் சொன்ன பதில் மர்யத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது; ஆனாலும் மறுநாள் காலையில் அதே கேள்வியைப் புத்தம் புதிதாகக் கேட்டாள். பவுசியா வீட்டில் தையல் மெஷின் போட்டு நைட்டியும் உள்பாவாடையும் தைத்துக் கொடுத்து வந்தாள். பிள்ளை பாபினை உருட்டிக்கொண்டு ஓடும், கத்தரிக்கோலை எடுக்கும், பெடலுக்கு அடியில் கையை விடும். ஒரு கண் துணியில், ஒரு கண் பிள்ளையில் என்று இருந்து இருந்து அவளுக்குத் தலைவலி நிரந்தரமானது. பிள்ளை நின்ற இடத்தில் நிற்க, தாயின் வயது மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது. காதோரம் நரைத்தது. வலது தோள் தூக்க முடியாமல் போனது. ஆலங்குடி டாக்டர் தோளுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். சரிங்க சார் என்று பிள்ளையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். இன்னொன்று பெற்றுக்கொண்டால் இதற்குத் துணையாக இருக்குமே என்றார்கள் சொந்தக்காரப் பெண்கள். இதுவே இடுப்பை விட்டு இறங்கவில்லை, இன்னொன்றை எங்கே வைப்பது என்று கேட்டாள்.

எல்லாவற்றுக்கும் அங்கன்வாடிக் கட்டிடம்தான் காரணம் என்பதை ஊர் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுபிடித்தது. பழைய கட்டிடம் குளத்துக்கரையில் இருந்தது. புயலில் அதன் கூரைத் தகரம் பறந்து மூன்று ஊர் தள்ளி ஒரு தோப்பில் விழுந்தது. மிச்சம் நின்ற சுவர்களை அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு இடிக்கச் சொன்னார்கள். அங்கன்வாடி டீச்சர் திலகவதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைத் தாழ்வாரத்துக்குப் போனார், அங்கிருந்து ஒரு மாட்டுக்கொட்டகைக்குப் போனார், மாடு கன்று போட்டதும் மறுபடி தாழ்வாரத்துக்கே வந்தார். பள்ளிக்கூடம் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே வைத்தால் என்ன என்று கேட்டபோது, அது வேறு துறையின் கட்டிடம் என்று பதில் வந்தது. புதுக் கட்டிடம் கட்டித் தருகிறோம், அதை எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதை ஊர் மக்களே கூடிப் பேசி ஒருமனதாகச் சொல்ல வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவும் வந்தது. நல்ல உத்தரவுதான். பூவரசங்காட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் அப்படி ஓர் உத்தரவைப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் அந்த ஊரில் பொதுக்காரியம் எதையும் கை தூக்கி முடிவு செய்வதில்லை. கை தூக்கினால் தோற்றவன் என்று ஒருவன் இருப்பான், தோற்றவன் நாளைக்குப் பக்கத்து வயலின் வரப்பை வெட்டுவான் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் ஒரு பித்தளைத் தட்டில் தலைக்கட்டுக்கு ஒன்று என்று வெற்றிலை வைத்துச் சுற்றுக்கு விடுவார்கள். சம்மதம் என்றால் ஒரு வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தட்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடலாம். தட்டில் ஒரே ஒரு வெற்றிலை மிஞ்சினாலும் காரியம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். கிராம சபைத் தீர்மானமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊரில் பாதி ஆண்கள் வெளிநாட்டில் இருந்ததால் அவர்கள் பேருக்கும் வெற்றிலை வைத்தார்கள். அவர்கள் போனில் சரி என்று சொன்னால் வீட்டுக்காரம்மா எழுந்து போய் எடுக்கலாம். சொல்லாமல் எடுக்கக் கூடாது. எங்கள் ஊரில் யாரும் யாரையும் மீறி ஒன்றும் செய்வதில்லை என்று சம்பந்தி வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

குளத்துக்கரையிலேயே கட்டலாம் என்றார்கள். தண்ணீர் பக்கத்தில் பிள்ளைகளா என்று கீழத்தெரு தட்டைத் தள்ளியது. அய்யனார் கோவில் திடல் என்றார்கள். அது சாமி வேட்டைக்குப் போகிற பாதை. பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த தன் இடத்தை எழுதித் தருவதாகக் கலீல் ரஹ்மான் சொன்னார். கபர்ஸ்தான் ஓரமாகப் போக வேண்டும், பிள்ளைகள் பயந்துகொள்ளும் என்றார்கள். மெயின் ரோட்டில் லாரி. காலனியில் நல்ல மேட்டு நிலம் இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது, சிமெண்ட் ரோடு இருந்தது, சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்குத் தட்டில் நிறைய வெற்றிலை மிஞ்சியது. காரணம் யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். காலனியிலிருந்து வருகிற கருப்பன் மட்டும், எந்த இடத்தைச் சொன்னாலும், ஒவ்வொரு கூட்டத்திலும் தன் வெற்றிலையை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் போனார்.

இடம்தான் முடிவாகவில்லையே தவிர, கட்டிடம் பேச்சிலேயே வளர்ந்துகொண்டு போனது. வாசல் கிழக்கே பார்த்து இருக்க வேண்டும் என்று முடிவானது. முல்லை பறிக்கப் போகிற பெண்கள் விடியுமுன்பே பிள்ளையை விட்டுப் போக ஓர் அறை, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் குழாய், தொட்டில் கட்டக் கொக்கி, பாம்பு நுழையாத வேலி, பால் கொடுக்கிற தாய்க்கு ஒரு மறைப்பு என்று பெண்கள் எழுந்து எழுந்து சொன்னார்கள். சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆண்கள் முகப்பு வளைவைப் பற்றியும் அதில் யார் பெயரைப் போடுவது என்பது பற்றியும் பேசினார்கள். நடுவில் கொரோனா வந்து கூட்டமே இல்லாமல் போனது. ஊரடங்கில் பெரியவர்கள் அத்தனை பேரும் வாடிப்போனார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை.

கொரோனா ஓய்ந்து நடந்த முதல் கூட்டத்தில்தான் விஷயம் பிடிபட்டது. ரேஷன் கடைக்குப் பின்னால் இருந்த புறம்போக்கைச் சொன்னார்கள். எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்ததோ என்னவோ, வெற்றிலைகள் மளமளவென்று காலியாகின. தட்டு சுற்றி வரும்போதே, கூட்டம் நடக்கிற ஊர்த் திடலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, கால் வலிக்கிறது என்று அழத் தொடங்கின. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள் வலி. வளர்கிற பிள்ளைகளுக்கு வருகிற வலி அது என்று அங்கே இருந்த தாய்மார்கள் எல்லோருக்கும் தெரியும். தட்டு கடைசி ஆள்வரை போய்த் திரும்பியபோது அதில் ஒரு வெற்றிலை மிஞ்சியிருந்தது. கூட்டம் அடுத்த தடவைக்குத் தள்ளிப்போனது. பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஓடின.

மிஞ்சிய வெற்றிலை பவுசியாவின் கணவன் சாதிக் பாட்சாவுடையது. அவன் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். ரேஷன் கடைப் பக்கம் எலித்தொல்லை, பிள்ளையைக் கடித்துவைக்கும் என்று போனில் சொன்னான். பவுசியா எழுந்து நின்று அதை அப்படியே ஊருக்குச் சொன்னாள். அடுத்த இடத்துக்கு, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் என்றான், அதையும் சொன்னாள். அதற்கடுத்த இடத்தில் டிரான்ஸ்பார்மர் இருந்தது. சொன்ன காரணம் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. ஒரே பிள்ளை, தூரத்தில் கிடக்கிற மனுஷன், பயப்படத்தானே செய்வார் என்று அவளே அவனுக்காகப் பரிந்து பேசினாள். ஆனால் தெருவில் நடக்க முடியவில்லை. கீழத்தெரு செவந்தி, மூன்று வயது மகனை வரப்பில் உட்காரவைத்துவிட்டு இருட்டோடு முல்லை பறிக்கிறவள், பவுசியாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பவுசியாவுக்கு அது வலித்தது. செவந்தி மேல் குற்றம் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை.

சாதிக் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டு மாத லீவில் வருவான். போகும்போது திருச்சி ஏர்போர்ட் வாசலில் மர்யம் பலூன் கேட்பாள்; வாங்கிட்டு வாரேன் என்று சொல்லி உள்ளே போவான். இரண்டு வருஷம் கழித்து வெளியே வருகிறவனிடம், "பலூன் எங்கத்தா?" என்று கேட்பாள். அவனோடு வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் ஊருக்கு வந்த தகப்பனைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிந்தன, யாரோ வந்திருக்கிறார்கள் என்று அழுதன. சாதிக்கின் பிள்ளை மட்டும் அவன் கடைக்குப் போய்விட்டு வந்தவன் மாதிரி தாவி ஏறியது. தங்கியிருக்கிற ரூமில் அதைச் சொல்லிச் சொல்லி அவன் சந்தோஷப்படுவான் என்பது பவுசியாவுக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்க அவளுக்கு எங்கே நேரம்?

ஊராட்சித் தலைவர் அறிவுச்செல்வனின் பதவிக்காலம் முடிகிற நேரத்தில் காந்தி ஜெயந்தி கிராம சபை வந்தது. போனமுறை ஜெயித்ததே அங்கன்வாடியைக் கட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான். ஒரு கல்வெட்டுகூட இல்லாமல் இறங்கிப் போகிறோமே என்ற ஏக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. இந்தத் தடவையும் முடிவாகவில்லை என்றால் கட்டிடத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும், பூவரசங்காட்டு அங்கன்வாடியையே மூடிவிடுவார்கள் என்றும் அவர் சொன்னார். அப்படி மூடிவிட்டால் இந்தப் பிள்ளைகள் எத்தனை காலம் இப்படியே இருக்கும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தன் மடியில் இருந்த பிள்ளையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் திலகவதி டீச்சர் எழுந்தார்.

"இந்தத் திடல்லயே கட்டுங்க," என்றார். "ஊருக்கு நடுவுல இருக்கு. எல்லாத் தெருவுக்கும் ஒரே தூரம். இங்கன கூட்டம் போட்டு நாம என்னத்தக் கிழிச்சோம்?"

எல்லோரும் தாங்கள் உட்கார்ந்திருந்த மண்ணை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்கள். மேடு, வெளிச்சம், பக்கத்தில் குழாய். ஆறு வருஷமாக அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் வேறு இடம் தேடியிருக்கிறார்கள். இங்கே கட்டிவிட்டால் பிறகு கூட்டத்தை எங்கே போடுவது என்று யாரோ மெதுவாகக் கேட்டார். அவரைப் பக்கத்தில் இருந்தவரே முறைத்தார். காலனிப் பிள்ளையும் மேலத்தெருப் பிள்ளையும் ஊர் நடுவில் ஒரே பாயில் படுப்பதா என்கிற யோசனை சிலருக்கு வந்திருக்கும். வந்தாலும் ஆறு வருஷ அலுப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. தட்டு கிளம்பியது. பிள்ளைகள் கால் வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தன. இந்த முறை தாய்மார்கள் யாரும் சமாதானப்படுத்தவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள். தட்டு திரும்பி வந்தபோது அதில் ஒரே ஒரு வெற்றிலைதான் இருந்தது, அது யாருடையது என்று பார்க்க வேண்டிய அவசியமில்லை.

பவுசியா அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திடல் ஓரத்து நாடக மேடைக்குப் பின்னால் போய் வீடியோ காலில் கூப்பிட்டாள். சாதிக் ஏதோ ஒரு மொட்டை மாடியில், வெயிலில், ஏ.சி. பெட்டிகளுக்கு நடுவில் நின்றான். விஷயத்தைச் சொன்னாள். அவன் வழக்கம்போல் காரணம் தேடினான். மேடையை இடித்துவிட்டால் திருவிழாவுக்கு நாடகம் எங்கே போடுவார்கள் என்றான். அந்த நாடகத்தை அவர்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு பிள்ளையைக் காட்டச் சொன்னான். காட்டினாள். மர்யம் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

"பவுசி, இவ நடந்ததயும் நான் பாக்கல, பேசுனதயும் பாக்கல," என்றான். "எல்லாத்தயும் போன்லதான் பாத்தேன். இந்த மூணு வயசு ஒண்ணுதான் எனக்குன்னு நின்னுச்சு. கட்டடம் வந்துட்டா அதுவும் போயிரும். நான் வாரப்ப வேற ஒரு பிள்ள நிக்கும்."

எலி, தேங்கும் தண்ணீர், டிரான்ஸ்பார்மர் என்று எழுந்து நின்று ஊருக்கு முன்னால் தான் ஒப்பித்ததெல்லாம் பவுசியாவுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. கோபம் வர வேண்டிய இடம்தான். கோபத்துக்குக்கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை. அவன் மேல் பாவமாகவும் இருந்தது. வெயிலில் கறுத்து, தொப்பிக்கு அடியில் நரைத்து, அவனும்தான் கிழவனாகிக்கொண்டிருந்தான்.

"ஒங்களுக்கு ரெண்டு மாசம் மூணு வயசுங்க. எனக்கு அன்னாடம் மூணு வயசு," என்றாள். "எனக்குத் தோளு போச்சு. நாளைக்கு நான் மௌத்தாப் போனா இவள யாரு தூக்குவா? அப்பயும் இவ மூணு வயசாத்தான் இங்கன நிப்பா."

அந்தப் பக்கம் எங்கோ சுத்தியல் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு படம் அப்படியே நின்று, லைன் போய்விட்டது. நெட்வொர்க் போனதா, அவன் கட் பண்ணினானா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது; கேட்கவும் இல்லை.

அவள் திடலுக்குத் திரும்பியபோது ஊர் முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. தலைவர் அறிவுச்செல்வன் தட்டைப் பிடித்துக்கொண்டு, என்னம்மா சொன்னாரு என்று கேட்டார். பவுசியா மர்யத்தை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் நிற்கவைத்தாள். தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்தாள். "நான் எடுத்துக்கிறேங்க," என்று மட்டும் சொன்னாள். வெற்றிலையை மடியில் வைத்துக்கொள்வதுதான் ஊர் வழக்கம். ஆயுசில் ஒருநாளும் வெற்றிலை போட்டிராத பவுசியா அதைக் காம்போடு வாயில் போட்டு மென்றாள். மென்றதைத் திரும்பத் தட்டில் வைக்க முடியாது. தலைவர் மறுபடியும் கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கூட்டத்தில் முதலில் எழுந்தது கருப்பன். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அப்ப வேலையப் பாப்போம் என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்றைக்குப் பிள்ளைகளின் கால்வலி நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டார்கள்.

அதன் பிறகு சாதிக் சில வாரங்கள் போன் பண்ணவில்லை. பிறகு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பண்ணினான், பிறகு பழையபடி தினமும் பண்ணினான். வெற்றிலையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கட்டிடம் மறு வருஷம் திறக்கப்பட்டது. விடியலில் பிள்ளையை விடுகிற அறையும் எட்டுகிற உயரத்தில் குழாயும் பெண்கள் சொன்னபடியே அமைந்தன. முகப்பு வளைவு மட்டும் அமையவில்லை. கல்வெட்டில் அறிவுச்செல்வனின் பெயர் 'முன்னாள்' என்ற சொல்லோடு இருக்கிறது, அதையும் அவர் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். பிள்ளைகள் விட்டுப்போன வருஷங்களைச் சேர்த்துப் பிடிக்கவெல்லாம் இல்லை. மற்ற ஊர்ப் பிள்ளைகள் போலவே வருஷத்துக்கு ஒரு வயது வளர்ந்தார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பில் உட்கார இடமில்லை என்று தலைமையாசிரியர் குறைபட்டுக்கொள்கிறார். பூவரசங்காட்டில் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால், வீட்டு வயதா ஆதார் வயதா என்று திருப்பிக் கேட்பார்கள். கூட்டம் போட இடம் இல்லாததால் பல காரியங்கள் தாமாகவே முடிந்துவிடுகின்றன.

அங்கன்வாடி திறந்த முதல் நாள் பவுசியா வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்து, ஒரு நைட்டியை நடுவில் எழுந்திருக்காமல் முழுசாகத் தைத்து முடித்தாள். முடித்ததும் அழுகை வந்தது. பிறகு ஒருநாள், மர்யம் 'ஏன்' என்று கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. எப்போது கடைசியாகக் கேட்டாள் என்று யோசித்துப் பார்த்தாள், தெரியவில்லை. அது அவளுக்குக் குறையாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இருந்தது.

சாதிக் அடுத்த லீவில் வந்தபோது மர்யத்துக்கு வீட்டு வயது ஐந்து நடந்தது. ஏர்போர்ட் வாசலில் இரட்டைப் பின்னலோடு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பெட்டியை விட்டுவிட்டுக் கையை விரித்தான். அவள் தாயை நிமிர்ந்து பார்த்து, இவுகதானாம்மா என்று ரகசியமாகக் கேட்டாள். ஆமாம் என்றதும், சொல்லிக் கொடுத்தபடி அவனுக்குத் திருத்தமாக ஸலாம் சொன்னாள். அவன் பதில் ஸலாம் சொன்னான். விரித்த கையை மடக்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டான்.

காரில் பின்சீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்து வந்தாள். எந்த வகுப்பில் சேரப்போகிறாய், கூட்டாளி பேர் என்ன என்று அவன் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். நார்த்தாமலைக் குன்றுகள் ஜன்னலில் வந்தபோது அவளாகவே அவன் பக்கம் திரும்பி வாயைத் திறந்து காட்டினாள்.

"அத்தா, இங்க பாருங்க. பல்லு ஆடுது."

அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். கீழ்வரிசையில் முன்பல் ஒன்று லேசாக அசைந்தது. அவன் விரலை எடுக்கவில்லை. பிறகு அவள் தலைக்கு மேலாகப் பவுசியாவிடம், இது எப்ப விழும், நான் போறதுக்குள்ள விழுந்துருமா என்று கேட்டான்.

"விழும்," என்றாள் பவுசியா. "நீங்க இருக்கயிலயே விழும். நீங்களே பாத்துக்கங்க, எனக்குத் தூக்கம் வருது." ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். ஆலங்குடி தாண்டும்வரை அவளை யாரும் எழுப்பவில்லை.